நேற்று எங்கே நின்றனி?

வன்னித் தேர்தல் மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்றிருக்கும் ஆறு உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எங்கேயாவது குண்டு வெடித்தது என்று செய்தி வந்தால் என் கை முதலில் போவது ஒரு பிஸ்கட் தகரத்துக்கு. அதற்குள் என் மூத்தவனுடைய துண்டுகள் கிடக்கின்றன. வவுனியா போய்வந்த பஸ் டிக்கெட், சீமெந்து எடுத்த பற்றுச்சீட்டு, ஆஸ்பத்திரி கிளினிக் கொப்பி, வேலை செய்த வீடுகளில் நாட்கூலிக்குக் கையெழுத்து வாங்கிய பழைய சி.ஆர். கொப்பிகள் நாலு. அவன் மேசன் வேலை செய்கிறான். எந்தத் தேதியில் எந்த ஊரில் நின்றான் என்று யாராவது வந்து கேட்டால் எடுத்துக் காட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருக்கிறேன். "அம்மா, உந்தக் குப்பையை எறியுங்கோவன்" என்று அவன் பலதரம் சொல்லிவிட்டான். நான் எறியவில்லை.

நீங்கள் ஆறு பேரும் ஒரே கட்சிக்காரர் இல்லை. அது எனக்குப் பெரிய விசயம் இல்லை. கிளிநொச்சியும் வன்னிதான் என்றாலும் தேர்தல் கணக்கில் அதை யாழ்ப்பாணத்தோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் இருந்து போனவர்களும் இதை வாசித்தால் நல்லது. நான் ஒட்டுசுட்டான் பக்கத்தில் இருக்கிறேன். முப்பது வருசம் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த ஆள். அரசியல் எழுதிப் பழக்கமில்லை.

என் மகனை 2008இல் புலிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு ஒருவர் என்ற காலம். அவனுக்குப் பதினேழு வயது. போராடப் போகவேண்டும் என்று அவனும் கேட்கவில்லை, நானும் அனுப்பவில்லை. இதை எழுத இப்போதும் எனக்கு நெஞ்சு இறுகும், ஏனென்றால் பிடித்துக்கொண்டு போனவர்களும் எங்கள் ஆட்கள்தான். யுத்தம் முடிந்து சரணடைந்தான். வவுனியா பூந்தோட்டத்தில், முன்னாள் போராளிகளுக்கு அரசாங்கம் நடத்திய புனர்வாழ்வு முடித்து, கையில் ஒரு சான்றிதழோடு வந்து சேர்ந்தான். அவனைப்போல ஏறத்தாழ 12,000 பேர் அப்படி வெளியே வந்தார்கள் என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது. அந்தச் சான்றிதழ் வாங்கினால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

2018 நவம்பர் 30ஆம் தேதி விடியப்புறம் மட்டக்களப்பு வவுணதீவில் காவலரணில் நின்ற இரண்டு பொலிஸ்காரரைக் கொலை செய்துவிட்டு அவர்களுடைய துப்பாக்கிகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மாவீரர் நாள் முடிந்து மூன்றாம் நாள். உடனே எல்லோர் வாயிலும் ஒரே கதை, முன்னாள் புலிகள்தான் என்று. வவுணதீவு எங்கே, ஒட்டுசுட்டான் எங்கே! ஆனாலும் சில நாளில் எங்கள் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. யார் அனுப்பி வந்தார்கள் என்று இங்கே எழுதமாட்டேன். மாரி மழை, அவர்கள் சப்பாத்தோடு திண்ணையில் ஏறி நின்று கேட்டார்கள்: "வியாழக்கிழமை இரவு எங்க நின்றனி?"

அவன் நெடுங்கேணியில் ஒரு வீட்டுக்கு அத்திவாரம் போட்டுக்கொண்டிருந்தான். மழையால் திரும்பி வர ஏலாமல் அந்த வீட்டிலேயே படுத்திருக்கிறான். அதைச் சொன்னான். நம்பவில்லை. திரும்பவும் கேட்டார்கள். மூன்றாம் தரம் கேட்டபோது அவன் குரல் சின்னப் பிள்ளையின் குரல்போல மாறியது. கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் நல்ல மனுசன். நாட்கூலிக் கொப்பியில் தேதி போட்டுக் கையெழுத்து வைக்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. அந்தக் கொப்பியைக் காட்டிய பிறகுதான் போனார்கள். அந்தக் கொப்பி இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று நான் கற்பனை செய்யத் தேவையில்லை. மட்டக்களப்பில் அது வேறொரு தாயின் பிள்ளைக்கு நடந்தது.

அங்கே ஒரு முன்னாள் போராளியைக் கைது செய்து பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அடைத்தார்கள். பத்திரிகைகள் அவர் படத்தைப் போட்டன. வழக்கு ஏறக்குறைய முடிந்ததுபோல ஊரே கதைத்தது. குற்றம் செய்தவன் உள்ளே, நாடு நிம்மதியாக நித்திரை கொள்ளலாம் என்று.

உண்மையில் அந்தப் பொலிஸ்காரரைக் கொன்றவர்கள் சஹ்ரானுடைய ஆட்கள், பின்பு உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடிக்க வைத்த அதே கூட்டம்.

தயவுசெய்து இந்த இடத்தில் கொஞ்சம் நின்று நாட்களை எண்ணிப் பாருங்கள். வவுணதீவிலிருந்து உயிர்த்த ஞாயிறு வரை 142 நாட்கள். அந்த நாட்களுக்குள் டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைபட்டன. ஜனவரியில் புத்தளம் வனாத்தவில்லுவில் வெடிமருந்துக் களஞ்சியம் ஒன்று பிடிபட்டது. ஏப்ரல் 4ஆம் தேதி இந்தியாவிலிருந்து எச்சரிக்கையே வந்தது. வவுணதீவுக்குக் காரணமானவர்களை அன்றைக்கே சரியாகத் தேடியிருந்தால் இந்தத் துண்டுகள் எல்லாம் ஒரே நூலில் கோர்க்கப்பட்டிருக்கலாம். தேடவில்லை. தேடவேண்டிய தேவை இருக்கவில்லையே, ஆள்தான் ஏற்கனவே கூட்டுக்குள் இருந்தாரே! 2019 ஏப்ரல் 21 காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள். 250க்கும் மேற்பட்ட உயிர்கள். சீயோனில் செத்தவர்களில் ஞாயிறு வகுப்புக்குப் போன குழந்தைகள் எத்தனை! நான் சின்னப் பிள்ளைகளோடு வாழ்ந்தவள். அந்தக் குழந்தைகளின் படங்களைப் பார்த்த நாளில் என்னால் சோறு சமைக்க முடியவில்லை.

குண்டுகள் வெடித்த பிறகு பிடிபட்டவர்களை விசாரித்தபோதுதான் வவுணதீவின் உண்மை வெளியே வந்தது. மே மாதம் அந்த முன்னாள் போராளியை விட்டார்கள். ஐந்து மாதத்துக்கு மேல் உள்ளே இருந்திருக்கிறார். அவருக்கு நடந்தது அநியாயம் என்பதோடு கதை முடியவில்லை. அவரை அடைத்து வைத்த ஒவ்வொரு நாளும் சஹ்ரானுக்குக் கிடைத்த ஒரு நாள். கொன்றவர்களுக்கு அதைவிட நல்ல ஒளிப்பிடம் வேறு யார் கொடுத்திருப்பார்கள்? அந்த இரண்டு பொலிஸ்காரரின் குடும்பங்களுக்கும்தான் அது துரோகம்.

ஐயா, அம்மா, நான் சொல்ல வந்தது இதைத்தான். பிழையான ஆளைப் பிடிப்பதை எங்கள் பிள்ளைகளின் மனித உரிமைப் பிரச்சினையாக மட்டும் நீங்கள் பாராளுமன்றத்தில் பேசுகிறீர்கள். தெற்கில் உள்ளவர்கள் அதைக் கேட்டு, "புலிகளுக்காக அழுகிறார்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். கொழும்புத் தெருவில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற ஒரு சிங்களத் தாயின் உயிருக்காகவும்தான் இதைப் பேசுகிறோம் என்று சொல்லுங்கள். வவுணதீவை ஆதாரமாகக் காட்டிச் சொல்லுங்கள்.

என் தங்கை ஜேர்மனியில் இருக்கிறாள். 2016 டிசம்பர் 19ஆம் தேதி இரவு பேர்லினில் நத்தார்ச் சந்தைக்குள் ஒருவன் பாரவூர்தியை ஏற்றிப் பன்னிரண்டு பேரைக் கொன்றபோது, அவள் வேறு நகரத்தில் இருந்தும் இரவு முழுக்க எனக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தாள். அன்றிரவே அங்கே ஒரு பாகிஸ்தான்காரரைப் பிடித்தார்கள். தஞ்சம் கேட்டு வந்த மனிதர். "அகதிதான் செய்தான்" என்று அடுத்த நாள் காலையில் ஊர் முழுக்கக் கதை. தங்கைக்கும் அகதியாகப் போன வாழ்க்கைதானே, வேலைக்குப் போகவே பயந்தாள். ஆனால் அன்று மாலையே அவரை விட்டுவிட்டார்கள். அவருக்கு எதிராக ஆதாரம் இல்லை. தன்னைப் பிடித்தவர்கள் அடித்தார்கள் என்று அவர் பின்பு சொன்னார், வெளியே தலைகாட்டப் பயந்து ஒளிந்து இருந்தார். அதனால் ஜேர்மனியைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. ஒரே ஒரு கணக்குக்காக எழுதுகிறேன். பிழையான ஆளை அடுத்த நாளே விட்டபடியால் உண்மையான ஆளைத் தேட அவர்களுக்கு வழி திறந்தது. துனீசியாக்காரன் ஒருவன்தான் செய்தது என்று கண்டுபிடித்து, நாலாம் நாள் இத்தாலியில் மிலான் நகருக்குப் பக்கத்தில் அவன் பொலிஸாரோடு மோதிச் செத்தான். அங்கே ஒரு நாள். இங்கே ஐந்து மாதம்.

ஏன் இந்த வித்தியாசம்? எங்கள் பொலிஸ்காரருக்கு மூளை குறைவு என்று நான் சொல்லமாட்டேன். சட்டம் அவர்களைச் சோம்பேறியாக்கி வைத்திருக்கிறது. அந்தப் பயங்கரவாதத் தடைச் சட்டம், 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம், பெயரிலேயே "தற்காலிக ஏற்பாடுகள்" என்று இருந்த சட்டம், மூன்று வருசத்துக்கு என்று வந்தது. 1982இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். என் மகன் பிறக்க முதல் வந்த தற்காலிகம் அது. அமைச்சர் கையெழுத்திட்டால் மூன்று மூன்று மாதமாகப் பதினெட்டு மாதம் வரை ஒருவரைத் தடுத்து வைக்கலாம் என்றிருந்ததை 2022இல் பன்னிரண்டு மாதமாகக் குறைத்தார்கள். பன்னிரண்டு மாதம் என்பது ஒரு குழந்தை பிறந்து நடக்கப் பழகுகிற காலம்! சாதாரணச் சட்டத்தில் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. இந்தச் சட்டத்தில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுத்தால் செல்லும். அடித்து வாங்கினார்கள் என்றால் அதை நிரூபிப்பது அடிபட்டவன் பாடு. ஒருவனை இருத்தி வைத்து "நான்தான் செய்தேன்" என்று சொல்ல வைக்க முடியுமென்றால், மழைக்குள் போய் சப்பாத்தடம் தேடவும் தொலைபேசிக் கணக்குப் பார்க்கவும் யாருக்கு மனம் வரும்? முந்தி சுற்றிவளைப்பில் சாக்கு மூடிய தலையாட்டியைக் கொண்டுவந்து இருத்துவார்கள். அவன் தலையை ஆட்டினால் ஆள் போச்சு. அதற்குச் சட்டப் புத்தகத்தில் இடம் கொடுத்ததுபோலத்தான் எனக்கு இது தெரிகிறது.

இன்னொன்றும் எழுதவேண்டும். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

உயிர்த்த ஞாயிறு அன்று பின்னேரம், செய்தது யார் என்று தெரியவந்தபோது, எனக்குள் ஒரு ஆறுதல் வந்தது. எங்கள் பிள்ளைகள் இல்லை. அப்பாடா. இந்த முறை மோட்டார் சைக்கிள் எங்கள் வாசலுக்கு வராது. அத்தனை பேர் செத்துக் கிடந்த நாளில் அப்படி ஒரு ஆறுதல் எனக்கு வந்தது. அந்த மோட்டார் சைக்கிள் போய்ச் சேர்ந்தது முஸ்லிம் சனங்களின் வாசலுக்கு. 1990இல் எங்கள் பெயரைச் சொல்லி ஆயுதம் ஏந்தியவர்களால் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு, இருபது வருசத்துக்குப் பிறகு திரும்பி வந்து, முல்லைத்தீவில் பற்றை வெட்டிக் குடியிருந்த சனங்களின் வாசலுக்கு. ஹசலகவில் ஒரு பெண்ணின் உடுப்பில் இருந்த கப்பல் சுக்கான் படத்தைத் தர்மச் சக்கரம் என்று சொல்லி அவரைச் சிறையில் போட்டார்கள். உங்கள் தேர்தல் மாவட்டத்துக்குள்ளேயே, மன்னார் சிலாவத்துறைப் பக்கத்து இளம் ஆசிரியர் அஹ்னாப் ஜஸீமை 2020 மேயில் கைது செய்தார்கள். காரணமாகக் காட்டியவற்றில் ஒன்று அவர் தமிழில் எழுதிய கவிதைப் புத்தகம். வன்முறை வேண்டாம் என்று சொல்கிற கவிதைகளும் அதற்குள் இருந்தன. தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து நிதானமாக வாசித்துக் காட்டியிருந்தால் போதும். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது, 2023 டிசம்பரில்தான் விடுதலை. கவிதை எழுதிய ஒருவருக்காக மாதக்கணக்காக வேலை செய்த விசாரணைக்காரர்கள் அந்த மாதங்களில் வேறு யாரைத் தேடியிருக்கலாம்?

அதே 2019 மே மாதம் நீர்கொழும்பிலிருந்து பஸ்களில் கொஞ்ச அகதிகளை வவுனியாவுக்குக் கொண்டுவந்து பூந்தோட்டத்தில் விட்டார்கள். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் சனங்கள். அவர்களில் பலர் அஹ்மதியாக்கள், சொந்த நாட்டில் சமயத்துக்காகத் துரத்தப்பட்டு வந்தவர்கள். நீர்கொழும்பில் வாடகை வீடுகளிலிருந்து அடித்துக் கலைத்த சனம். அவர்களை இங்கே வைக்கக்கூடாது என்று எங்கள் ஆட்களும் குரல் கொடுத்தார்கள். அந்தக் கிழமை நான் வவுனியா பஸ்ஸில் இருந்தேன். பின் சீற்றில் இரண்டு பேர் கதைத்தார்கள்: "குண்டு வைக்கிறவங்களை ஏன் இங்க கொண்டந்து கொட்டுறாங்கள்?" நான் திரும்பிப் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. என் மகன் படுத்த அதே கட்டடங்களில் வேறொரு தாய் தன் பிள்ளைகளைப் படுக்க வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்திருந்தும் சொல்லவில்லை.

அப்படி ஒரு பஸ் வவுனியாவுக்கு முந்தியும் வந்தது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2007 ஜூன் 7ஆம் தேதி விடியப்புறம் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரை, கொழும்பில் இருக்கத் தக்க காரணம் இல்லை என்று சொல்லி, பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். வைத்தியம் பார்க்கப் போனவர்கள், வெளிநாட்டுக்குப் போகக் கடிதத்துக்குக் காத்திருந்தவர்கள், கலியாணத்துக்கு நகை வாங்கப் போனவர்கள். கொழும்புத் தெருக்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம், பாதுகாப்பு என்பது காரணம். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் தடை போட்டது. பிரதமர் வருத்தம் தெரிவித்தார். என் மாமியின் மகள் அந்தப் பஸ்ஸில் வந்தவள். நடந்ததை அவள் இன்றுவரை முழுதாகச் சொன்னதில்லை. ஒரு செருப்போடு வந்து இறங்கினாள் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

இவ்வளவும் எழுதிவிட்டு மற்றதை எழுதாமல் விட்டால் நான் நேர்மையான ஆள் இல்லை. 1996 ஜனவரி 31ஆம் தேதி கொழும்பில் மத்திய வங்கிக்கு முன்னால் லொறி வெடித்ததில் 91 பேர் செத்தார்கள், ஆயிரத்துக்கு மேல் காயம், கண்ணாடிச் சில்லுகளால் பார்வை இழந்தவர்கள் பலர். கந்தோருக்குப் போன சனம். 2006 ஜூனில் கெப்பித்திகொல்லாவையில் பஸ்ஸுக்குக் கிளைமோர் கண்ணிவெடி வைத்ததில் 60க்கும் மேற்பட்ட கிராமத்துச் சனம். எங்களுக்காகத்தான் செய்கிறோம் என்று சொல்லிச் செய்தவர்களை நாங்கள் கேள்வி கேட்கவில்லை, கேட்கப் பயந்தோம், சில பேர் சந்தோசமும் பட்டார்கள். 2008 ஜனவரியில் மடுப் பக்கம் தட்சணாமடுவில் பாடசாலைப் பிள்ளைகள் வந்த பஸ் கிளைமோரில் சிதறியபோது அதே நெருப்பு எங்கள் வீட்டுக்குள் வந்தது. அந்தப் பிள்ளைகளுக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. தெருவில் சனம் சாகும்போது அதற்கு உரிய ஆளைக் கண்டுபிடிக்கவேண்டும் என்று எங்களைவிட யார் விரும்புவார்கள்? பயங்கரவாதத்துக்கு ஒரு சட்டமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உரிய ஆளைக் கண்டுபிடிக்கிற சட்டம் வேண்டும்.

2023இல் இரண்டு தரம் புதிய சட்டமூலம் வர்த்தமானியில் வந்தது. 2024இல் ஆட்சிக்கு வந்தவர்கள் பழைய சட்டத்தை நீக்குவோம் என்று வாக்குக் கொடுத்துத்தான் வந்தார்கள். எந்தப் பெயரில் எந்த வரைவு உங்கள் மேசைக்கு வந்தாலும், முதல் பக்கத்தில் இருக்கிற நல்ல வசனங்களை விட்டுவிட்டு நேரே இந்த இடங்களைத் திறந்து பாருங்கள். பிடிக்கப்பட்டவரை எத்தனை மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும், தடுத்து வைப்பதை முடிவு செய்வது நீதவானா அதிகாரியா என்று பாருங்கள். பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் செல்லும் என்று எந்த மூலையிலாவது ஒளித்து வைத்திருந்தால், அதற்கு ஒருபோதும் கை தூக்காதீர்கள். புனர்வாழ்வு முடித்தவர் என்பது ஒருவரைச் சந்தேகிக்கப் போதிய காரணம் ஆகாது என்று எழுத்தில் கேளுங்கள். பிழையாக அடைத்த ஆளை விடும்போது பின் கதவால் விடாமல், அரசாங்கம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு நட்டஈடு கொடுக்கவேண்டும் என்றும் கேளுங்கள். உயிர்த்த ஞாயிறைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி 10 கோடி ரூபாய் செலுத்தவேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றமே தீர்த்தது. ஆகவே இது நடக்காத காரியம் இல்லை.

பத்திரிகைக்காரரோடும் கதையுங்கள். உங்களுக்கு அவர்கள் எல்லாரும் பழக்கம். சந்தேகநபர் என்று பெயரும் படமும் முதல் பக்கத்தில் போடுகிறவர்கள், அவர் விடுதலையானால் அதே முதல் பக்கத்தில் அதே அளவுப் படம் போடட்டும்.

மகனுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை இருக்கிறது. போன கிழமை அவள் எப்படியோ தகரத்தைத் திறந்து பஸ் டிக்கெட்டுகளை நிலம் முழுக்கப் பரப்பி, என்னை ஏற்றி இருத்தி பஸ் விளையாட்டு விளையாடினாள். "அப்பம்மா, நீங்க எங்க போறீங்கள்?" என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாகக் கிழித்துத் தந்தாள். அவன் பார்த்துக்கொண்டு நின்றான், மறிக்கவில்லை. எனக்குத்தான் கை நடுங்கியது. மிஞ்சியவற்றைப் பொறுக்கித் தேதி வாரியாக அடுக்கித் திரும்பவும் மூடி வைத்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டுத் துண்டுகளில் மூன்று குறைகின்றன.

வாக்கெடுப்பு நாளில் நீங்கள் எங்கே நின்றீர்கள், எந்தப் பக்கம் கை தூக்கினீர்கள் என்று ஆறு பேரும் எழுத்தில் எங்களுக்கு அறியத் தாருங்கள். தேதி போட்டுக் கையெழுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டானிலிருந்து
ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை